யாரும் சொல்லலீங்க

அருள்புரத்தில் பல்லடம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்புகிற சந்தில் அந்த பனியன் கம்பெனி இருக்கிறது. சித்ராதேவி அங்கே செக்கிங் டேபிளில் பதினோரு வருஷமாக நிற்கிறாள். ட்யூப் லைட்டுக்குக் கீழே பீஸை உதறி விரிப்பாள். கழுத்து, கை, பக்கத் தையல் என்று ஒரு சுற்றுப் பார்த்து, உள்பக்கம் திருப்பி மறுபடியும் பார்ப்பாள். ஊசி ஓட்டையோ எண்ணெய்க் கறையோ விட்டுப்போன தையலோ அவளைத் தாண்டிப் போகாது. சரக்கு ஏற்றுகிற நாளில் சூப்பர்வைசர் ராக்கையா, “எதுக்கும் அந்த லாட்டைச் சித்ராகிட்ட ஒருக்காப் போட்டு எடுங்கப்பா” என்று கத்துவார். அதைக் கேட்கும்போது அவளுக்குள் ஒரு நிமிர்வு வரும்.

அப்படிப்பட்டவள், சொந்தப் பிள்ளை இளைத்துக்கொண்டே போனதைப் பார்க்கவில்லை.

போன ஐப்பசியில் தீபாவளி ஆர்டர் நெருக்கிய நேரம். தினமும் ஒன்றரை ஷிப்டு. கட்டிங் மாஸ்டரான அவள் புருஷன் வேல்குமாருக்கும் அதே பாடு. பத்து வயசு மோனிஷா பள்ளிக்கூடம் விட்டு வந்து தனியாகத்தான் கிடந்தாள். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். பாவாடை இடுப்பில் நிற்கவில்லை என்றபோது சித்ரா நாடாவை இழுத்துக் கட்டிவிட்டு வேலைக்குப் போனாள். வளர்கிற பிள்ளை, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். லைன் வீட்டில் பக்கத்துக் குடித்தனமான மருதாள்தான் ஒரு நாள் வாசலில் நிறுத்திச் சொன்னாள்.

“ஏஞ்சித்ரா, உம்புள்ள போயிட்டு வந்தா பாத்ரூம்ல எறும்பு மொய்க்குது. நானும் ரெண்டு மூணு நாளாப் பாக்கறேன். என்னன்னு கேளு.”

அப்புறம்தான் ஓடினார்கள். இங்கே பார்த்த டாக்டர் சர்க்கரை என்றார். உடனே கோயமுத்தூருக்குக் கொண்டுபோகச் சொன்னார். பிள்ளைகளுக்கு வருகிற சர்க்கரைக்கும் ஹார்மோன் கோளாறுக்கும் என்றே தனியாக ஒரு பிரிவு அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தது. பெரிய டாக்டர் மகுடேஸ்வரன். அவருக்குக் கீழே படித்துக்கொண்டிருந்தவள் டாக்டர் வேல்விழி.

வேல்விழிக்கு முப்பது வயசுக்கு மேல் இருக்கும். குழந்தை டாக்டருக்குப் படித்து முடித்தவள், அதற்கும் மேலே இது ஒன்றுக்காகவே மூன்று வருஷம் படிக்க வந்திருந்தாள். இப்போது இரண்டாவது வருஷம். கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. தோளில் ஒரு துணிப் பை, கையில் தடித்த நோட்டு. பார்த்தால் காலேஜ் பிள்ளை மாதிரிதான் இருந்தாள்.

“இத்தன படிச்சும் இன்னும் படிக்கறீங்களா டாக்டரம்மா?” என்று சித்ரா கேட்டாள்.

“என்னக்கா செய்ய? வளராம நிக்கிற பிள்ள, வயசுக்கு முந்தி பெரியமனுசி ஆகுத பிள்ள, தைராய்டு, இந்தச் சர்க்கரை. எல்லாம் புஸ்தகத்துல இருக்கு. ஆனா பிள்ளைகளையும் அம்மாமாரையும் பாத்துப் பாத்துத்தான் கைக்கு வரும்.”

மோனிஷா வார்டில் இருந்த அந்த நாலு நாளும், பொழுது சாய வேல்விழி வந்து கட்டில் ஓரத்தில் உட்காருவாள். பையிலிருந்து ஆரஞ்சுப் பழத்தை எடுத்துக் கொடுத்து ஊசி போடச் சொல்வாள். சித்ரா பழத்தைக் கீழே வைத்துவிட்டாள். வேல்விழி தன் கோட்டை விலக்கி, மருந்தில்லாத ஊசியைத் தன் வயிற்றிலேயே குத்திக் காட்டினாள்.

“எறும்பு கடிச்ச மாதிரிதான். இப்ப எனக்கு நீங்க போடுங்க.”

“ஐயோ, உங்களுக்குங்களா?”

“போடுங்கக்கா. எனக்குப் போட்டுட்டா பாப்பாவுக்குப் போட பயம் வராது.”

மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒவ்வொரு ஊசி. படுக்கப் போகும்போது, நாள் முழுக்கத் தாங்குகிற இன்னோர் ஊசி. வேல்விழி வாய்ப்பாடு மாதிரி திரும்பத் திரும்பக் கேட்பாள்.

“ராத்திரி ஊசியை எப்ப நிப்பாட்டலாம்?”

“எப்பவும் நிப்பாட்டக் கூடாதுங்க.”

“பிள்ள சாப்பிடல?”

“கூடாதுங்க.”

“வாந்தி எடுக்கா?”

“அப்பயும் கூடாதுங்க. சக்கரை பாக்கோணும், உங்குளுக்குப் போன் பண்ணோணும்.”

கடைசி நாளன்று சொல்லிக்கொடுத்த பத்து விஷயங்களையும் நோட்டில் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள். தெரியும் என்றால் எதிரே கையெழுத்துப் போட வேண்டும். சித்ரா பத்துக் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் வேல்குமார் கதவைச் சாத்திவிட்டு முதலில் சொன்னது இதுதான்.

“ஒறம்பரைல, சொந்தபந்தத்துல ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம். பொட்டப்புள்ள. நாளைக்கு ஒரு எடத்துல பேச்செடுத்தா இதுதான் முன்னால வந்து நிக்கும்.”

“உங்கக்காளுக்குமா?”

“அக்காளுக்குச் சொன்னா வெள்ளகோவிலுக்கே சொன்ன மாதிரி.”

சித்ராவுக்கும் அதுதான் மனதில் இருந்தது. பள்ளிக்கூட டீச்சருக்கும் மருதாளுக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாமல் ஏழு மாசம் ஓடியது. ஊசியும் நன்றாகத்தான் நடந்தது. விடியற்காலையில் எழுந்து அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி மூன்று டிபனில் அடைத்து, பிள்ளைக்கு விரலில் குத்திப் பார்த்து, ஊசி போட்டுவிட்டு எட்டரைக்குள் கம்பெனியில் நிற்பாள். மோனிஷா கன்னம் மறுபடி உப்பியது.

வைகாசியில் குழந்தையம்மாள் மகளுக்குக் கல்யாணம் வந்தது. வேல்குமாருக்குக் கூடப் பிறந்தவள் அந்த ஓர் அக்காள்தான். வெள்ளகோவிலில் எட்டுத் தறி ஓடுகிற வீடு. தம்பி குடும்பம் இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிட வேண்டும் என்று போனில் சொல்லிவிட்டாள்.

போன அன்று ராத்திரி ஊசியைச் சித்ரா பாத்ரூமுக்குள் வைத்துப் போட்டாள். கதவை யாரோ தட்டிக்கொண்டே இருந்தார்கள். மறுநாள் வீடு நிறைய ஆட்கள். தறிக்கூடத்தில் பாவு நூல் உருளைகளை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாய் விரித்துப் பெண்கள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். வெல்லப் பூரணம் வைத்து ஒப்பிட்டு சுடும் வாசம் வாசல் வரைக்கும் வந்தது. குழந்தையம்மாள் ஒரு தட்டில் நாலு ஒப்பிட்டை வைத்து நெய்யை ஊற்றி மோனிஷாவை மடியில் இழுத்துக்கொண்டாள்.

“ஏங்கண்ணு, இப்படி எலும்பா இருக்கற? உங்கம்மா சோறு போடறதில்லையா? தின்னு சாமி, அத்தை ஊட்ல தின்னு.”

பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்த்தது. சுற்றிலும் பத்துப் பெண்கள் உட்கார்ந்து ஊர்க்கதை, பழமை பேசிக்கொண்டிருந்தார்கள்.

“சாப்புடு கண்ணு,” என்றாள் சித்ரா.

ஊசி பையில் துணிகளுக்கு அடியில் இருந்தது. பாத்ரூம் வாசலில் ஐந்து பேர் நின்றார்கள். சித்தநேரம் கழித்துப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள். கழித்துப் போனபோதும் ஆட்கள் நின்றார்கள். சாயங்காலம் பெண்ணழைப்பு. படுக்கிற நேரத்துக்கு மண்டபத்து அறையில் முப்பது பெண்கள் இருந்தார்கள். “போட்டயா?” என்று வேல்குமார் வாசலிலிருந்து ஜாடையில் கேட்டான். போட்டாச்சு என்று தலையாட்டினாள். ஒரு நாள்தானே, நாளைக்கு ஊருக்குப் போனதும் எல்லாம் சரிப்படுத்திக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முகூர்த்தத்தன்று காலையிலும் போடவில்லை.

தாலி கட்டி முடிந்து பந்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே மோனிஷா வாந்தி எடுத்தாள். இலையைத் தாண்டி ஓடுவதற்குள் வழியிலேயே எடுத்துவிட்டாள். இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை. உதடு காய்ந்து வெடித்தது. வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்தாள். குழந்தையம்மாள் பட்டுச்சேலை நனைவதைப் பார்க்காமல் பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டாள்.

“சாப்பாடு ஒத்துக்கலையாட்ட இருக்குதே! அந்தச் சமையக்காரன் பழைய எண்ணெயை ஊத்திப்போட்டானா என்ன கெரகமோ!”

“அப்படித்தானுங்க இருக்கும் நங்கை,” என்றாள் சித்ரா நாத்தனாரிடம். அந்த வார்த்தை எப்படித் தன் வாயில் வந்தது என்று பின்னால் பல நாள் யோசித்திருக்கிறாள்.

வாடகைக் காரில் ஊருக்குக் கிளம்பினார்கள். அவிநாசிபாளையத்தில் ரோட்டோரம் நிறுத்தச் சொல்லி இறக்கினபோது பிள்ளைக்கு வாந்தியில் எதுவும் வரவில்லை. மூச்சு மட்டும் ஆழமாக, ஓடி வந்தவள் மாதிரி இழுத்து இழுத்து வந்தது. வாயில் அழுகின பழத்தின் வாசம். ஏழு மாசத்துக்கு முன்னால் இதே வாசத்தைத்தான் வேல்விழி சொல்லிக்கொடுத்திருந்தாள். சித்ரா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, “நேரா கோயமுத்தூருக்கு உடுங்க” என்று டிரைவரிடம் கத்தினாள்.

இரண்டு நாள் தீவிர சிகிச்சையில் கிடந்து மூன்றாம் நாள் காலை மோனிஷா வார்டுக்கு வந்தாள். கையில் சொட்டு மருந்து ஏறிய இடம் நீலமாக இருந்தது. கண் மூடியிருந்தாலும் தூங்கவில்லை. மகுடேஸ்வரன் ரவுண்ட்ஸ் வந்தார். பின்னால் படிக்கிற டாக்டர்கள் ஆறேழு பேர், இரண்டு நர்ஸ். வேல்விழி அவர்களில் முன்னால் நின்றாள். வேல்குமார் கட்டில் தலைமாட்டில் கைகட்டி நின்றான்.

பெரிய டாக்டர் சர்க்கரை பார்க்கிற மெஷினைக் கையில் எடுத்துப் பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

“இங்க வர்றதுக்கு முந்தின ரெண்டு நாள் மெஷின்ல ஒரு நம்பரும் இல்லை. ஊசியும் போடலையாம்மா?”

வேல்குமார் சட்டென்று திரும்பிச் சித்ராவைப் பார்த்தான்.

“அது வந்துங்க சார்... புள்ள வாந்தி எடுத்துப்போட்டா. ஒண்ணுமே சாப்புடலீங்க. சாப்புடாம ஊசி போட்டா ஆகாதுன்னு...”

“சாப்பிடாட்டியும் ராத்திரி ஊசியை நிறுத்தக் கூடாது. இதை உங்களுக்கு யாரும் சொல்லலியா?”

புருஷன் பார்த்துக்கொண்டிருந்தான். ஆறேழு டாக்டர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கட்டில்காரி சாப்பாட்டை வாய்க்குக் கொண்டுபோகாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்லீங்க சார்,” என்றாள் சித்ரா. “யாரும் சொல்லலீங்க.”

பெரிய டாக்டர் திரும்பினார். “வேல்விழி, இவங்களுக்கு நீதானே சொல்லிக்குடுத்தே?”

“ஆமா சார்.”

“நோட்டில பத்துக் கையெழுத்து இருக்கும். வெறும் கையெழுத்து வாங்கினா ஆச்சா? மருந்து எழுத எந்த டாக்டருக்கும் தெரியும். பத்து வயசுப் பிள்ளையோட அம்மாவுக்குப் புரிய வைக்கத் தெரியணும். அதுக்குத்தானே நீ இங்க வந்து மூணு வருஷம் உக்காந்திருக்கே?” குரல் உயரவில்லை. அதனாலேயே வார்டு முழுக்கக் காது கொடுத்துக் கேட்டது. “இந்தப் பிள்ளை போயிருந்தா என்ன பண்ணியிருப்பே?”

வேல்விழி வாயைத் திறந்தாள். சித்ராவை ஒரு தடவை பார்த்தாள். காது மடல் சிவந்திருந்தது. பிறகு, “சாரி சார்,” என்றாள்.

“மூணு மாசம் நீ புதுசா யாருக்கும் சொல்லிக்குடுக்க வேண்டாம். சிஸ்டர் சொல்லிக்குடுக்கும்போது பக்கத்தில ஸ்டூல் போட்டு உக்காந்து கேளு. அதுக்கு முன்னாடி இவங்களுக்கு முதல்லேருந்து சொல்லிக்குடு. சிஸ்டர் கூட இருந்து பார்க்கட்டும்.”

அவர்கள் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்கள். வேல்விழியோடு படிக்கிற ஒரு பையன் அவள் தோளை லேசாகத் தொட்டான். அவள் தோளை விலக்கிக்கொண்டாள்.

அன்று பொழுது சாய வேல்விழி வந்தாள். அதே துணிப் பை, அதே ஆரஞ்சு. நர்ஸ் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக டிக் அடித்தாள். “இது ஊசி. இது அதோட முனை,” என்று முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தாள் வேல்விழி. குத்தலாக ஒரு வார்த்தை வரும் வரும் என்று சித்ரா காத்திருந்தாள். வரவில்லை. “அக்கா” என்றுதான் கூப்பிட்டாள். “ராத்திரி ஊசியை எப்ப நிப்பாட்டலாம்?” என்று கேட்டபோது மட்டும் நோட்டைப் பார்த்துக்கொண்டாள்.

“எப்பவும் நிப்பாட்டக் கூடாதுங்க,” என்றாள் சித்ரா, தலையைக் குனிந்துகொண்டு.

நர்ஸ், “பரவாயில்லையே, ஒரு தடவை சொன்னதும் பிடிச்சுக்கிட்டீங்களே,” என்றாள்.

கட்டிலில் மோனிஷா கண்ணைத் திறந்து அம்மாவையும் டாக்டர் அக்காவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் எழுந்து போனதும் சித்ரா, “டாக்டரம்மா...” என்று ஆரம்பித்தாள்.

“சொல்லுங்கக்கா.”

“ஒண்ணுமில்லீங்க.”

வேல்விழி நோட்டை மூடி எழுந்து போனாள்.

வீட்டுக்கு வந்தபின் வேல்குமார் அதைப் பற்றிக் கேட்கவில்லை. போட்டாச்சு என்று தலையாட்டினாளே, அதைக்கூடக் கேட்கவில்லை. தட்டில் சோறு போட்டால் தின்றான். கம்பெனிக்குப் போனான். அந்தப் பேசாமையைவிட நாலு அடி அடித்திருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது.

குழந்தையம்மாள் வாரம் ஒரு தடவை தவறாமல் போன் செய்தாள். “புள்ளைக்கு வகுறு தேவலையா? சோறு எறங்குதா?” என்பாள். சமையல்காரரைக் கூப்பிட்டுச் சண்டை போட்டாளாம். பிள்ளைக்காக முருகன் கோவிலுக்கு நடந்து வருவதாக வேண்டிக்கொண்டாளாம். சித்ரா “ம், ம்” என்று கேட்டுவிட்டு, டேபிளில் பீஸ் குவிந்து கிடக்கிறது என்று போனை வைத்துவிடுவாள். கோயமுத்தூருக்கு ஒரு போன் போட்டு டாக்டரம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பாள். டீ டைமில் நம்பரை எடுத்துப் பார்ப்பாள். பெல் அடித்ததும் பீஸுக்குத் திரும்பிவிடுவாள். ஆனி இப்படியே போயிற்று.

சர்க்கரை பார்க்கிற வேலையை மோனிஷா தானே ஏற்றுக்கொண்டாள். விரலில் குத்திக்கொண்டு, உள்ளே இருந்தே, “நூத்திமுப்பதும்மா” என்று கத்துவாள். சித்ரா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து அதற்குத் தகுந்த அளவு ஊசி போடுவாள். சாயங்காலமானால் கம்பெனிக்குப் போனில் சொல்வாள். “நூத்தியிருவதும்மா.” நோட்டில் குண்டு குண்டான எழுத்தில் எழுதி வைத்தாள். வேல்குமார் அந்த நோட்டைப் புரட்டிவிட்டு, ஒரு மாசத்துக்கப்புறம் முதல் தடவையாகச் சிரித்தான்.

ஆடி பிறந்து பத்து நாளில் மறுபடி காட்டப் போனார்கள். பல்லடத்தில் பஸ் ஏறும்போது காற்று சேலையைப் பிடுங்கியது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து, முடிவு வர மத்தியானமாகிவிட்டது. உள்ளே கூப்பிட்டார்கள். மகுடேஸ்வரன் மேஜைக்குப் பின்னால் இருந்தார். அன்று டிக் அடித்த நர்ஸ் ஒரு பக்கம். சுவரோரம் ஸ்டூலில் நோட்டோடு வேல்விழி. அவளைப் பார்த்ததும் சித்ரா கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். மூன்று மாசம் இன்னும் முடியவில்லை.

“நோட்டெல்லாம் பிரமாதமா இருக்கே,” என்றார் பெரிய டாக்டர். “நூத்திமுப்பது, நூத்தியிருபது. ஆனா ரத்தத்தில மூணு மாசச் சராசரி பதினொண்ணு காட்டுது, ஏழை ஒட்டி இருக்கணும். ரெண்டும் ஒத்து வரலை. மெஷினைக் குடுங்க.”

பட்டனை அழுத்தினார். அவர் முகம் மாறியது. மெஷினை மேஜையில் வைத்து, நோட்டை அதன் பக்கத்தில் விரித்தார்.

“நேத்து சாயங்காலம் மெஷின்ல முந்நூத்திப் பன்னெண்டு. நோட்டில நூத்திப் பன்னெண்டு. இது யார் எழுத்து?”

“என்னுதுங்க,” என்றாள் மோனிஷா.

முந்நூறுக்குப் போடவேண்டிய ஊசியைச் சித்ரா நூறுக்குப் போட்டிருக்கிறாள். இத்தனை நாளும். மெஷினைக் கையில் வாங்கி ஒரு தடவை பார்க்கவில்லை. எத்தனை லட்சம் பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்த கண்.

“ஏன் கண்ணு மாத்தி எழுதினே?” பெரிய டாக்டர் குனிந்து கேட்டார்.

பிள்ளை பாவாடை நுனியை விரலில் சுருட்டியது.

“திட்டமாட்டேன், சொல்லு.”

“நல்ல நம்பர் எழுதுனா யாரையும் திட்டமாட்டாங்கல்லங்க.”

“இங்க யாரை யார் திட்டினாங்க?”

மோனிஷா ஸ்டூல் இருந்த பக்கம் பார்த்தாள். அப்புறம் அம்மாவைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, “சும்மாதானுங்க,” என்று தரையைப் பார்த்துக்கொண்டாள்.

தன்னைக் காட்டிக்கொடுக்காமல் அந்தப் பிள்ளை வாயை மூடிக்கொண்டது சித்ராவுக்கு விளங்கியது. பத்து வயசில் இதைக் கற்றுக்கொண்டிருக்கிறாள். யாரிடம் கற்றாள் என்று வெளியே தேடவேண்டியதில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள்.

“சார், அன்னிக்கு வார்டுல நான் சொன்னது பொய்யிங்க.”

வேல்குமார், “சித்ரா,” என்றான்.

“இருங்க, சொல்லிப்போடறன். டாக்டரம்மா எல்லாஞ் சொல்லிக் குடுத்தாங்க. வாந்தி எடுத்தாலும் நிப்பாட்டக் கூடாதுன்னு இருவது வாட்டி சொல்லியிருப்பாங்க. தன் வகுத்துலயே ஊசி போட்டுக் காட்டுனாங்க. எனக்கு நல்லாத் தெரியுமுங்க. தெரிஞ்சேதான் போடல. வாந்தி எடுக்கறதுக்கு முந்தியே போடல. எங்கூட்டுக்காரர் கேட்டதுக்கும் போட்டாச்சுன்னு தலையாட்டுனேன். நீங்க அத்தன பேர் முன்னால கேட்டதும், எல்லார்த்துக்கும் தெரிஞ்சு போகுமோன்னு, டாக்டரம்மா மேல தள்ளிப்போட்டனுங்க.”

மகுடேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றினார். நெடுநேரம் துடைத்தார்.

“வேல்விழி, நீ ஏன் அன்னிக்கே சொல்லலை?”

வேல்விழி எழுந்து நின்றாள். “சொல்லியிருந்தா இவங்க மறுபடி இங்க வந்திருக்க மாட்டாங்க சார். வேற எங்கயும் போயிருப்பாங்களான்னும் தெரியலை.” நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். “அதுமட்டும் இல்ல சார். வாயத் திறந்தா அழுதிருப்பேன். அத்தனை கோவம்.”

பெரிய டாக்டர் சித்ராவை உட்காரச் சொன்னார். “ஏன் போடலைம்மா? அன்னிக்கு நான் கேட்டிருக்க வேண்டியது அதுதான். யாரும் சொல்லலியான்னு கேட்டு, பதிலையும் நானே எடுத்துக் குடுத்துட்டேன்.”

சித்ரா சொன்னாள். நாத்தனார் வீட்டு ஒறம்பரை, பாத்ரூம் வாசலில் நின்ற ஆட்கள், முப்பது பெண்கள் இருந்த மண்டபத்து அறை, பெண்பிள்ளை. சொல்லச் சொல்ல எல்லாம் எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று அவளுக்கே கேட்டது. வேல்குமார் மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டு, “யாருக்கும் சொல்ல வேண்டாம்னது நாந்தானுங்க,” என்றான்.

“நம்ம பட்டியல்ல பத்துக் கேள்வி இருக்கு,” என்றார் மகுடேஸ்வரன், வேல்விழியைப் பார்த்து. “வீட்ல யார் யாருக்குத் தெரியும், யார் முன்னாடி ஊசி போட முடியாதுன்னு ஒரு கேள்வி இல்லை. நானும் இருபது வருஷமாக் கேட்டதில்லை. எழுதிக்கோ. நாளையிலிருந்து நீயே சொல்லிக்குடு.”

“சரி சார்.” அவள் எழுதினாள். அவர் வேறு ஒன்றும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்பார் என்று சித்ரா நினைத்தாள், கேட்கவில்லை. ஆனால் அன்று ரவுண்ட்ஸில் வேல்விழி திட்டு வாங்கியதைக் கேட்டு நின்ற அந்த ஆறேழு பேரையும் சாயங்காலம் வரச் சொல்லும்படி நர்ஸிடம் சொன்னார்.

வராந்தாவில் சித்ரா வேல்விழியின் கையைப் பிடித்தாள். “டாக்டரம்மா, நான் பண்ணுனது...”

வேல்விழி கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். “அக்கா, எனக்கு வலிச்சது. இல்லன்னு சொல்லமாட்டேன். இன்னும் கொஞ்ச நாள் இருக்கும். அது என்பாடு, நீங்க பாப்பாகிட்டப் பேசுங்க.” குனிந்து மோனிஷாவின் கன்னத்தைத் தட்டினாள். “முந்நூறு வந்தா முந்நூறுன்னே எழுது. நம்பருக்கு யாரும் மார்க் போடப் போறதில்ல. எவ்வளவு ஊசின்னு பாக்கத்தான் அது. சரியா?”

“சரிங்கக்கா.”

பல்லடம் பஸ்ஸில் மூன்று பேர் சீட் கிடைத்தது. மோனிஷா ஜன்னலோரம். வேல்குமார் அந்த ஓரம். பஸ் சூலூரைத் தாண்டியது. முன் சீட்டில் இரண்டு பெண்கள் கீரைக் கட்டோடு பழமை பேசிக்கொண்டு வந்தார்கள். பின்னால் வடக்கத்திப் பையன்கள் நாலு பேர், ஏதோ மில்லுக்குப் புதிதாக வருகிறவர்கள் போல, பெட்டியும் படுக்கையுமாக நின்றார்கள்.

“அம்மா,” என்றாள் மோனிஷா, ஜன்னலைப் பார்த்தபடியே. “அத்தைகிட்டயும் சொல்லுவியா?”

சித்ரா புருஷனைப் பார்த்தாள். அவன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

காரணம்பேட்டை வரும்போது போன் அடித்தது. குழந்தையம்மாள்தான். இன்றைக்கு ஆஸ்பத்திரி என்று அவளுக்குத் தெரியும், வயிற்றுக்குக் காட்ட என்று சொல்லி வைத்திருந்தார்கள். சித்ரா போனைக் கையில் வைத்துக்கொண்டு அது அடிப்பதைப் பார்த்தாள். வேல்குமார் திரும்பினான். “எடு,” என்றான்.

“என்ன சொன்னாங்க சித்ரா? வகுறு தேவலையாமா?”

“நங்கை, வகுறு இல்லீங்க. புள்ளைக்குச் சக்கரைங்க.”

“என்னது? சரியாக் கேக்கல கண்ணு. சக்கரை வேணுமாமா?”

ஆடிக் காற்று ஜன்னல் வழியாக அடித்தது. பஸ்காரர் ஹாரனை வைத்து அழுத்தினார். சித்ரா ஒரு காதைப் பொத்திக்கொண்டு, இந்தத் தடவை கத்தினாள்.

“மோனிஷாவுக்குச் சக்கரை நோயிங்க! போன தீவாளியப்பவே வந்துருச்சு! தெனம் நாலு ஊசி போடறமுங்க! உங்கூட்ல ஆளுக பாப்பாங்கன்னு நான் போடாம உட்டுட்டேன், அதனாலதான் அன்னிக்கு அப்படி ஆச்சு!”

கீரைக்காரிகள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் பார்த்தார். பாஷை தெரியாத அந்தப் பையன்கள்கூடப் பார்த்தார்கள். முகமெல்லாம் அனலாகக் கொதித்தது. பிள்ளையின் பக்கம் திரும்ப அவளுக்குத் தைரியம் வரவில்லை.

இனித் திட்டு வரும், ஏன் மறைத்தாய் என்று வரும் என்று காத்திருந்தாள். வந்தது அழுகை.

“அப்ப எங்கூட்டுச் சோத்தால இல்லையா கண்ணு?” என்றாள் குழந்தையம்மாள். “ரெண்டு மாசமா எனக்குச் சோறு எறங்கல. எம்மக கல்யாணத்துச் சோத்த ஆக்கிப்போட்டு எந்தம்பி புள்ளையக் கொல்லப் பாத்தனேன்னு. நெசமாலுமே எங்கூட்டுச் சோத்தால இல்லையா?”

“இல்லீங்க நங்கை.”

“என்ன? கேக்கல.”

“இல்லீங்க. உங்க சோத்துல ஒண்ணுமில்லீங்க. என்னாலதானுங்க.”

காற்றில் அதுவும் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது. குழந்தையம்மாள் மறுபடி கேட்டாள். சித்ரா மறுபடி சொன்னாள்.